பிரேக்கப்புக்கு அப்புறம் மலைக்குப் போகிறவர்களுக்கு

"ஒரு ட்ரிப் போயிட்டு வா, எல்லாம் மறந்துடும்." காதல் முறிந்து நிற்கிற பெண்ணுக்கு இப்போது கிடைக்கிற முதல் அறிவுரை இதுதான். அம்மாக்கள் காலத்தில் கோயிலுக்குப் போய் விளக்குப் போடச் சொன்னார்கள். இன்று கொடைக்கானலுக்கு பஸ் ஏறச் சொல்கிறார்கள். இதில் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். போகத்தான் வேண்டும். ஆனால் மறக்காது. மறப்பதற்கென்றே மலையேறியவர்கள் திரும்பி வந்து இன்னும் நொந்துபோனதை என் தோழிகளிடமே பார்த்திருக்கிறேன். மலையால் செய்ய முடிகிற காரியம் வேறு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் மதுரைக்காரி. நிச்சயதார்த்தம் வரை வந்த உறவு ஒன்று உடைந்தது. அவரைப் பற்றி இங்கே எதுவும் எழுத மாட்டேன், அது அவருடைய வாழ்க்கையும்கூட. உடைந்த பிறகு எனக்கு நடந்ததை மட்டும் சொல்கிறேன். ஆள் போன வலி ஒரு பக்கம். அதைவிட நீளமாக என்னை இழுத்தது, எதையும் முடிவெடுக்க முடியாமல் போனது. ஓட்டலில் மெனு கார்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், எனக்கு என்ன பிடிக்கும் என்றே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்கே போவது, எந்தக் கலரில் சுடிதார் எடுப்பது, எத்தனை மணிக்குத் தூங்குவது, எல்லாமே பல வருடமாக இரண்டு பேர் பேசி முடிவு செய்தவை. ஒருவர் எழுந்து போனதும் மிச்சமிருக்கிறவருக்குத் தன் இஷ்டம் என்னவென்று தெரியவில்லை. அழுகையைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், இதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை.

அந்த மனநிலையில் கொடைக்கானல் டவுன் உதவவே உதவாது. அழகில்லாத ஊர் என்று சொல்லவில்லை. 1863-ல் உருவாக்கிய அந்த ஏரியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. ஆனால் அங்கே இருக்கிற ஏற்பாடெல்லாம் ஜோடிகளுக்கானவை. இரண்டு பேர் மிதிக்கிற படகு, இரண்டு பேர் ஓட்டுகிற சைக்கிள், ஹனிமூன் பேக்கேஜ் பலகைகள், கோக்கர்ஸ் வாக்கில் ஒரே சால்வைக்குள் நடக்கிறவர்கள். அவர்கள் நன்றாக இருக்கட்டும். நீங்கள் மறுநாள் காலையிலேயே வட்டக்கானல் பக்கம் போய்விடுங்கள்.

டால்பின் நோஸ் பாறை வரை கூட்டம் இருக்கும். போட்டோ எடுத்துவிட்டுப் பெரும்பாலும் அங்கேயே திரும்பிவிடுவார்கள். அதைத் தாண்டியும் பாதை கீழே இறங்குகிறது. சோலைக்காடு, பாறை, காப்பித் தோட்டம் என்று போய் வெள்ளகவி என்ற மலைக்கிராமம் வரும். இன்னும் இறங்கினால் கும்பக்கரை, அப்புறம் பெரியகுளம். மோட்டார் ரோடு வருவதற்கு முன்பு பெரியகுளம் பக்கமிருந்து கால்நடையாகத்தான் கொடைக்கானலுக்கு ஏறினார்கள். சாமான் குதிரை மேல் வந்தது, துரைமார்கள் டோலியில் வந்தார்கள், டோலியைத் தூக்கியவர்கள் நம் ஆட்கள்.

அந்தத் துரைமார்களில் முதலில் வந்தவர்கள் உல்லாசத்துக்கு வரவில்லை. மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் தங்கள் மனிதர்களைப் பறிகொடுத்துவிட்டு, 1845-ல் மேலே இரண்டு பங்களா கட்டினார்கள். கொடைக்கானல் டவுன் தொடங்கியதே அப்படித்தான். என் ஊரிலிருந்து இழப்போடு கிளம்பி இந்த மலைக்கு வந்தவர்கள் எனக்கு முன்னாலும் உண்டு என்பது எனக்கு ஏதோ ஓர் ஆறுதல். பளியர் பழங்குடிகளும் வெள்ளகவி, பூம்பாறை மக்களும் அதற்கு எவ்வளவோ காலம் முன்பிருந்தே அங்கே வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். மிஷனரிகள் ஆளில்லாத மலையைக் கண்டுபிடிக்கவில்லை.

வெள்ளகவிப் பாதையில் ஒரு விசேஷம் உண்டு. மற்ற மலைகளில் முதலில் ஏறுவோம். முடியவில்லை என்றால் பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பிவிடலாம். இங்கே முதலில் இறக்கம். முழங்கால் கொஞ்சம் நடுங்குமே தவிர, பேசிக்கொண்டே இறங்கிவிடலாம். ஊரைப் பார்த்து, காப்பி குடித்து, எல்லாம் முடிந்த பிறகுதான் ஏற்றம் ஆரம்பிக்கும். அப்போது "என்னால ஆகாது" என்று சொல்ல இடமில்லை. நான் போனபோது அங்கே வண்டி வரும் ரோடு கிடையாது. இருட்டுவதற்குள் மேலே வந்தே ஆக வேண்டும்.

அந்த ஏற்றத்தில்தான் எனக்கு முதன்முதலாக ஏதோ திரும்பக் கிடைத்தது. அடுத்த அடியை எந்தக் கல்லில் வைப்பது, எந்த வேரைப் பிடிப்பது, தண்ணீரை இப்போதே குடிப்பதா இல்லை அந்த வளைவு வரை பொறுப்பதா, உட்காருவதா, நடப்பதா? நிமிஷத்துக்கு நிமிஷம் முடிவெடுக்க வேண்டியிருந்தது. எனக்குப் பதிலாக யாரும் எடுக்க முடியாது, யாரிடமும் கேட்கவும் முடியாது. தவறாக எடுத்தால் கால் அப்போதே சொல்லிவிடும். அழுகை வந்தது, அழுதுகொண்டே ஏறினேன். கூட வந்த வழிகாட்டி அண்ணன் திரும்பிப் பார்த்தார், எதுவும் கேட்கவில்லை, வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டார். அன்று ராத்திரி மாத்திரை இல்லாமல் தூங்கினேன். காலையில் டீக்கடையில் என்ன வேண்டும் என்று கேட்டபோது, யோசிக்காமல் "சுக்குக் காப்பி, ரெண்டு பன்னு" என்றேன். கேட்கிறவர்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. எனக்கு அந்த வருடத்திலேயே பெரிய விஷயம் அதுதான்.

வெள்ளகவியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை, ஊரே கோயில் மாதிரி அவர்களுக்கு. எல்லையிலேயே ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த பாட்டி, "தனியாவா வந்த தாயி?" என்றார். "ஆமா ஆத்தா" என்றேன். "சரி, உக்காரு, காப்பி குடி." அவ்வளவுதான். ஏன் தனியாக, வீட்டுக்காரர் எங்கே, இன்னும் கல்யாணம் ஆகவில்லையா என்ற எந்தக் கேள்வியும் வரவில்லை. மதுரையில் சொந்தக்காரர்கள் வீட்டு வாசலில் இந்த மூன்றும் கேட்காமல் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கிடைத்ததில்லை.

அவர்கள் படுகிற பாட்டைப் பார்த்ததும் என் துக்கம் சிறிதாகிவிட்டது என்று எழுத என் கை வரவில்லை. பயணக் கதைகளில் அப்படி எழுதுகிற வழக்கம் இருக்கிறது, எனக்கு அது பிடிக்காது. எனக்கு ஒருநாள் நடையாக இருந்த பாதை அவர்களுக்கு ரேஷன் வாங்கப் போகிற வழி, நோயாளியைத் தூக்கிக்கொண்டு போகிற வழி. அவர்களுக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் வேண்டும். அவர்களுடைய கஷ்டம் என் மனக்காயத்துக்கு மருந்து இல்லை.

அடுத்து, எனக்கு நிறைய வந்த இன்னொரு அறிவுரை. போட்டோவையெல்லாம் அழி, நம்பரை அழி, அவர் கொடுத்ததையெல்லாம் எரி, ஒரேயடியாக வெட்டி எறி. பூம்பாறை, மன்னவனூர் பக்கம் நடந்தபோது இதற்கு எனக்கு ஒரு பதில் கிடைத்தது. கொடைக்கானல் இருக்கிற இந்தப் பழனி மலைத்தொடரின் மேல்பகுதி ஒரு காலத்தில் புல்வெளியும் சோலையுமாக இருந்தது. போன நூற்றாண்டில் தோல் பதனிடுவதற்கும் மரக்கூழுக்கும் என்று வாட்டில் என்கிற வெளிநாட்டு மரத்தையும் தைல மரத்தையும் நட்டுப் புல்வெளியைப் பெருமளவு மூடிவிட்டார்கள். அப்படியானால் வாட்டிலை மொத்தமாக வெட்டிவிட வேண்டியதுதானே என்று கேட்டேன். வெட்டினால், மண்ணுக்குள் பல வருடமாகக் கிடக்கிற வாட்டில் விதையெல்லாம் வெயில் பட்டு ஒன்றுக்கு நூறாக முளைக்கும் என்றார் வழிகாட்டி அண்ணன். பழைய வாட்டில் மரங்களுக்கு அடியில் குனிந்து பார்க்கச் சொன்னார். பறவைகள் கொண்டுவந்து போட்ட விதையிலிருந்து சோலை மரக் கன்றுகள் அந்த நிழலில் வளர்ந்துகொண்டிருந்தன. 2018-ல் குறிஞ்சி பூத்தபோது நானும் பிரிந்துபோன அவரும் சேர்ந்து எடுத்த படங்கள் என் போனில் இன்னும் இருக்கின்றன. அழிக்கச் சொன்ன யாருடைய பேச்சையும் நான் கேட்கவில்லை. தினமும் எடுத்துப் பார்ப்பதுமில்லை. அதற்கடியில் வேறு படங்கள் நிறையச் சேர்ந்துவிட்டன.

பழனி மலை என்றாலே எனக்குப் பேகன் ஞாபகம்தான். இந்த மலைப்பக்கத்தை ஆண்டவன், மயிலுக்குப் போர்வை கொடுத்த வள்ளல் என்று பள்ளியில் படித்தோம். அதே பேகன் தன் மனைவி கண்ணகியை (சிலப்பதிகாரக் கண்ணகி வேறு) பிரிந்து வேறொருத்தியோடு வாழ்ந்தான் என்பதைப் பள்ளியில் எனக்குச் சொல்லித்தரவில்லை. புறநானூற்றில் 143 முதல் 147 வரை ஐந்து பாட்டு, நான்கு புலவர்கள், அவளிடம் திரும்பிப் போ என்று அவனிடம் கேட்கிறார்கள். எங்களுக்குப் பரிசு வேண்டாம், அவளுக்கு அருள் செய் என்று கேட்கிறார்கள். எவ்வளவு பெரிய மனசு! படிக்கும்போது எனக்குக் கண் கலங்கும். ஆனால் அந்தப் பாட்டுகளில் கண்ணகி என்ன செய்கிறாள்? அழுகிறாள், கூந்தலைப் பேணாமல் இருக்கிறாள். அவளுக்கு என்ன வேண்டும் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவன் திரும்பி வந்தால்தான் அவளுக்கு வாழ்வு என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள். அவள் கண்ணெதிரேதான் அந்த மலை நின்றது. இவ்வளவு காலம் கழித்தும் என் அத்தைமார்கள் அதையேதான் செய்தார்கள். அவர் வீட்டுக்குத் தூது போனார்கள். எனக்காகத்தான் போனார்கள், அந்த அன்பு எனக்குப் புரிகிறது. ஆனாலும் என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, போக நினைக்கிறவர்களுக்கு முக்கியமான ஒன்று. மனசு உடைந்திருக்கும்போது உயிர்மேல் அக்கறை குறையும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன், காட்டுக்குள் தன்னந்தனியாகப் போகாதீர்கள். தேனி மாவட்டத்தில், போடிக்கு மேலே குரங்கணியில் 2018 மார்ச் 11-ம் தேதி காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்துபோனார்கள். நம் வயதுப் பிள்ளைகள், விடுமுறைக்கு நடக்க வந்தவர்கள். கோடையில் புல் காய்ந்து கிடக்கும்போது மலையில் நடக்கவே வேண்டாம், வனத்துறையும் அந்த மாதங்களில் பாதைகளை மூடிவிடுகிறது. 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய அரசின் ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் ஆன்லைனில் பதிவு செய்யலாம், உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். தனியாகப் போனால்தானே தனியாக நிற்கப் பழகுவோம் என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காட்டுமாடு எந்தப் புதருக்குப் பின்னால் நிற்கும், மழை எப்போது இறங்கும், அட்டை எங்கே ஏறும் என்று தெரிந்த ஒருவரை நம்பி அவர் பின்னால் நடப்பதும் அந்த நேரத்தில் நான் கற்றுக்கொள்ள வேண்டியதாக இருந்தது. ஒருவர் கைவிட்ட பிறகு இன்னொரு மனிதரை நம்புவது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

கடைசியாக, லாட்ஜ் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். மலையில் எனக்குக் கிடைத்த எல்லாவற்றுக்கும் நடுவே என்னைக் கூனிக் குறுக வைத்தது வரவேற்பு மேஜைதான். ஒரு லாட்ஜில், "லேடீஸ் தனியா வந்தா ரூம் தர்றதில்லைம்மா" என்று முகத்துக்கு நேராகச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் அப்பாவுக்குப் போன் போட்டுப் பேசச் சொன்னார்கள். எனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது, சம்பாதிக்கிறேன், கையில் ஆதார் அட்டை இருக்கிறது. தனியாக வருகிற பெண் ஏதாவது செய்துகொள்வாளோ என்று பயப்படுகிறார்கள் என்று புரிகிறது. அந்தப் பயம் உண்மையானால், மழையில் பையோடு அவளை வெளியே நிறுத்துவது அதற்கு வழியா? சாப்பிட்டாயா என்று கேளுங்கள். காலையில் கதவைத் தட்டி டீ கொடுங்கள். நடக்கப் போகிறாள் என்றால் நம்பிக்கையான வழிகாட்டி ஒருவரைச் சொல்லுங்கள். அறையை மட்டும் மறுக்காதீர்கள். காதல் தோல்வி என்று மலைக்கு வருகிற ஆம்பளைப் பையனுக்கு நீங்கள் ஒருநாளும் மறுத்ததில்லை.

தங்கைகளே, டிசம்பர் முடிவில் மழை விட்டதும் நான் மறுபடி போகிறேன். தனியாக வருகிற பெண்களுக்கு மரியாதையாக அறை கொடுக்கிற இடங்கள் கொடைக்கானலில் எனக்குச் சில தெரியும். கேட்டால் இன்பாக்ஸில் சொல்கிறேன். கூட நடக்க விருப்பமிருந்தாலும் எழுதுங்கள். புது ஷூ வாங்கினால் நேரே மலைக்குப் போட்டுக்கொண்டு வராதீர்கள், இரண்டு வாரமாவது ஊரில் நடந்து பழக்கிவிட்டு வாருங்கள்.