வெள்ளியங்கிரி ஏறுபவர்கள் மலைக்கான வானிலையைப் பாருங்கள்

'வார இறுதியில் கோவையில் வெயில் கொளுத்தும், மலையேறுபவர்கள் தண்ணீர் மட்டும் நிறைய எடுத்துப் போங்கள்' என்று உங்கள் வெள்ளியங்கிரி கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் சரி. ஆனால் அது ஊருக்கான வானிலை. வெள்ளியங்கிரியில் ஏழு மலை ஏற வேண்டும், உச்சியான ஏழாவது மலை சுமார் 6,000 அடி உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6 டிகிரி குறையும். கோவையில் இரவு 25 டிகிரி என்றால் உச்சியில் 16, 17 இருக்கலாம். வியர்வையில் நனைந்த சட்டையோடு அந்தக் காற்றில் நின்றால் பல் கிட்டிவிடும்.

இரண்டு வருடம் முன்பு மே மாதச் சனிக்கிழமை இரவு ஏறினோம். அடிவாரத்தில் விசிறிக்கொண்டிருந்த என் தம்பி, ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளித்துவிட்டு நடுங்கி உட்கார்ந்துவிட்டான். மாற்றுத் துணி இல்லை, என் துண்டைப் போர்த்தித்தான் மெதுவாக இறக்கினேன். இப்போது நினைத்தாலும் பதறுகிறது.

அப்புறம், இடி மின்னல். கோடையில் காலை வானம் பளிச்சென்று இருக்கும். பகல் சூட்டில் ஈரக்காற்று மேலெழும்பி, பிற்பகலில் மலைமேல் மேகம் திரளும். அதனால் இரவில் ஏறி, விடிந்ததும் இறங்கத் தொடங்கி, நண்பகலுக்குள் அடிவாரம் சேர்வதுதான் நல்லது. இடி கேட்டால் திறந்த முகட்டிலோ தனிமரத்தடியிலோ நிற்காதீர்கள். மின்னல் எச்சரிக்கைக்கு 'தாமினி' செயலி இருக்கிறது, ஆனால் மேலே சிக்னலை நம்ப முடியாது, கிளம்புமுன்பே பாருங்கள். மழை பெய்தால் கல்படிகள் வழுக்கும். மூங்கில் தடியை இறங்கும்போதும் கையிலிருந்து விடாதீர்கள்.