பிரவுன் ஏலின் நிறமும் வீரியமும்

பிரவுன் ஏல் என்பது பழுப்பு நிற பீர் வகை. "அது கறுத்தால்தான் வீரியம் (ஆல்கஹால் அளவு) ஏறும், சாக்லேட் மால்ட்டை (முளைகட்டிய பார்லியைக் கருக வறுத்தது) ஒரு கிலோவாகக் கூட்டுங்கள்" என்று சிலர் சொல்வது தவறு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆல்கஹால் வருவது ஈஸ்ட் தின்னும் சர்க்கரையிலிருந்து. அதில் பெரும்பகுதியைத் தருவது அதிகம் வறுக்காத வெளிர் மால்ட். அதை 65–68 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஊறவைக்கும்போது அதிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். சாக்லேட் மால்ட்டில் அந்த நொதிகள் வறுக்கும்போதே அழிந்துவிடும். அது நிறத்துக்கும் மணத்துக்கும்தான். 20 லிட்டர் பீருக்கு 150–200 கிராம் போதும். ஒரு கிலோ போட்டால் காந்தல் கசப்புதான் மிஞ்சும், அவ்வளவு உழைப்பும் வீண். லண்டன் வகையான மான்ஸ் பிரவுன் ஏலைப் பாருங்கள்: நல்ல அடர்நிறம், ஆல்கஹாலோ 2.8 சதவீதம்தான். 1927இல் வந்த நியூகாசில் பிரவுன் ஏல் அதைவிட வெளிர், ஆனால் 4.7 சதவீதம். வீரியம் வேண்டுமென்றால் வெளிர் மால்ட்டைக் கூட்டுங்கள்.