திருட்டு ஆப் போடத்தானே கேட்கிறீங்க?

முந்தாநாள் நடந்த கமென்ட் சண்டையைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் பாக்கியசாலிகள். கூகுளின் டெவலப்பர் வெரிஃபிகேஷன் (ஆப் எழுதுகிறவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிய வேண்டும் என்ற புது விதி) பற்றி நாலு வரி எழுதினால், கீழே ஒருவர் வந்து “பிளே ஸ்டோர்ல இல்லாத ஆப் உங்களுக்கு எதுக்கு சார்? திருட்டுப் படம் பார்க்கத்தானே?” என்று கேட்கிறார். கேட்டவரை விடுங்கள். அதற்குச் சிரிப்பு எமோஜி போட்டவர்களில் புரோகிராம் எழுதிச் சம்பாதிக்கிறவர்களும் இருக்கிறார்கள். அதுதான் உறுத்துகிறது.

கமென்ட்டில் சொல்லி முடிகிற விஷயமில்லை. நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின் சாரம் இது. கூகுள் சான்று பெற்ற ஆண்ட்ராய்டு போனில், அதாவது பிளே ஸ்டோரோடு விற்கப்படும் எந்தப் போனிலும், ஓர் ஆப்பை நிறுவ வேண்டுமென்றால் அதை எழுதியவர் தன் சட்டப்பூர்வப் பெயர், முகவரி, மின்னஞ்சல், தொலைபேசி எண் எல்லாவற்றையும் கூகுளிடம் கொடுத்துப் பதிந்திருக்க வேண்டும். ஆப்பின் பேக்கேஜ் பெயரையும் (போன் அந்த ஆப்பை அடையாளம் காணும் தனிப் பெயர்) பதிந்து, அதன் கையொப்பச் சாவி, அதாவது ஆப்புக்கு டிஜிட்டல் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி, தன்னிடம்தான் இருக்கிறது என்று நிரூபிக்க வேண்டும். பிளே ஸ்டோர் பக்கமே போகாமல் சொந்தத் தளத்தில் ஏபிகே (ஆப்பை நிறுவும் கோப்பு) வைத்திருப்பவருக்கும் இதே விதிதான். முதலில் 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்து. 2027 முதல் படிப்படியாக மற்ற நாடுகள்.

என் ஆட்சேபம் ஒன்றே ஒன்று. எச்சரிப்பது வேறு, தடுப்பது வேறு. எத்தனை முறை வேண்டுமானாலும் எச்சரியுங்கள், சிவப்பு எழுத்தில் பயமுறுத்துங்கள், பின் நம்பர் கேளுங்கள். கடைசியில் ‘சரி’ என்று அழுத்துகிற விரல் என்னுடையதாக இருக்க வேண்டும். பில்லில் இருப்பது என் பெயர்.

ஏற்கெனவே கதவு திறந்துபோட்டா கிடக்கிறது? பிரவுசரில் ஓர் ஏபிகேயை இறக்கித் தொட்டுப் பாருங்கள். இந்த மூலத்திலிருந்து ஆப் நிறுவ அனுமதி இல்லை என்று போன் நிறுத்தும். செட்டிங்ஸுக்குப் போய் அந்த பிரவுசருக்கு மட்டும் அனுமதி தர வேண்டும். 2017இல் ஆண்ட்ராய்டு 8 வரும்வரை ‘அன்நோன் சோர்ஸஸ்’ என்று போன் முழுமைக்கும் ஒரே சுவிட்ச்தான் இருந்தது. ஒருமுறை போட்டால் எல்லா ஆப்புக்கும் வழி திறந்துவிடும். அதை ஆப் வாரியாகப் பிரித்தார்கள், நல்ல வேலை. அடுத்து, போனில் ஏறும் ஆப்களைக் கூகுள் சோதிக்கும் பிளே ப்ரொடெக்ட் ஸ்கேன். ஆண்ட்ராய்டு 13இல் இன்னொரு பூட்டு: இப்படி வெளியிலிருந்து வந்த ஆப் ஆக்சஸிபிலிட்டி அனுமதி (மாற்றுத்திறனாளிகளுக்கு உதவ, திரையைப் படித்து இயக்கும் வசதி) கேட்டால் அந்த வரி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடக்கும். ஆப் இன்ஃபோவுக்குப் போய், மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, ‘அலோ ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்’ கொடுத்தால்தான் உயிர் வரும். வங்கிப் பணத்தைத் திருடும் மால்வேர் திரையைப் படிப்பதும், நமக்குப் பதிலாக பட்டனை அழுத்துவதும் பெரும்பாலும் அந்த அனுமதியை வைத்துத்தான். சில மால்வேர்கள் ஆப் ஸ்டோர்கள் நிறுவும் முறையைப் போலி செய்து இந்தப் பூட்டையும் தாண்டின. அந்த ஓட்டையை அடைக்கட்டும், கைதட்டுகிறேன். அது எச்சரிக்கையை வலுவாக்கும் வேலை. இப்போது வருவது வேறு வகை.

“மோசடியில எத்தனை பேர் பணத்தை இழக்கிறாங்க தெரியுமா?”

தெரியும் சார். இணையத்திலிருந்து நேரடியாக நிறுவப்படுபவற்றில், பிளே ஸ்டோரைவிட 50 மடங்குக்கும் மேல் மால்வேர் இருப்பதாகக் கூகுள் சொல்கிறது. கணக்கிட்டவர்களும் அவர்களே, கடை வைத்திருப்பவர்களும் அவர்களே. இருந்தாலும் வாதத்துக்காக அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். இந்தப் பதிவு முறை அதை எப்படித் தடுக்கும்? ஆப்பின் உள்ளே என்ன இருக்கிறது என்று இது பார்ப்பதே இல்லை, யார் எழுதினார் என்று மட்டும்தான் பார்க்கிறது. கூகுள் தன் அறிவிப்பில் சொன்ன உவமையே இதுதான்: விமான நிலையத்தில் அடையாள அட்டையைப் பார்ப்பது போல, பையைச் சோதிப்பது தனி. ஊரார் பெயரில் வங்கிக் கணக்கே திறக்கிற கும்பலுக்கு ஓர் அடையாள அட்டை கிடைக்காதா? ராத்திரியில் உட்கார்ந்து இலவசமாக ஆப் எழுதுகிற மாணவன்தான் அட்டையைத் தேடி ஓடுவான்.

பிளே ஸ்டோருக்குள் இருப்பதெல்லாம் சுத்தம் என்ற நம்பிக்கையும் வேண்டாம். மோசடிக்காரன் போனில் பேசிக்கொண்டே “இந்த ஆப்பைப் போடுங்க” என்று திரையைப் பகிரவைக்கிறானே, அந்த வகை ஆப்கள் ஸ்டோரிலேயே முறைப்படி இருப்பவை. ஒவ்வொரு ஆப்பையும் ஆள் வைத்துப் பார்ப்பதாகச் சொல்லும் ஆப்பிள் கடையில் 2024 பிப்ரவரியில் ‘லாஸ்பாஸ்’ என்று ஒன்று உட்கார்ந்திருந்தது. லாஸ்ட்பாஸின் பெயரிலும் லோகோவிலும் சின்ன மாற்றம் செய்த போலி. பாஸ்வேர்டுகளைப் பத்திரப்படுத்தும் ஆப்பின் போலி, ஐயா! அசல் கம்பெனியே வாடிக்கையாளர்களை எச்சரிக்க வேண்டி வந்தது.

“வயசானவங்க ஏமாறுறாங்களே?” இதற்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்கிறேன், கேள்வி நியாயமானது. ஆண்ட்ராய்டு 16இல் அட்வான்ஸ்டு ப்ரொடெக்ஷன் என்று ஒன்று இருக்கிறது. போட்டுவிட்டால் வெளியிலிருந்து ஆப் நிறுவுவது அடைபடும். சாம்சங்கில் ஆட்டோ பிளாக்கர் இதே வேலையைச் செய்கிறது. புதிய போன்களில் அது போட்டபடியேதான் வருகிறது, வேண்டாதவர் செட்டிங்ஸில் போய் அணைக்கலாம். அப்பா போனில் போட்டு வையுங்கள், என் போனில் அணைத்து வைக்கிறேன். சுவிட்ச் இருக்கிறது, அது உரிமையாளர் கையில் இருக்கிறது. இவ்வளவுதான் நான் கேட்பது. தீர்வு கைவசம் இருக்கும்போது எல்லார் போனுக்கும் சேர்த்து ஒரே பூட்டு எதற்கு?

அடுத்தது, “ஏடிபி இருக்கே, அதுல போட்டுக்கோங்க.” கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்பும் கருவி அது. இதைச் சொன்னவர் கடைசியாக எப்போது ஏடிபியில் ஓர் ஆப்பை நிறுவினார் என்று தெரிந்துகொள்ள ஆசை. அபவுட் போனில் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்க வேண்டும். உள்ளே யூஎஸ்பி டீபக்கிங். கணினியில் ஏடிபி அடங்கிய பிளாட்ஃபார்ம் டூல்ஸ். கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகமாக இருந்தால் கணினிக்குப் போனே தெரியாது. டிரைவர் கோளாறு என்று நினைத்து அரை மணி நேரம் போகும். போன் தெரிந்தாலும், திரையில் வரும் ‘அலோ யூஎஸ்பி டீபக்கிங்’ பெட்டிக்குச் சம்மதம் சொல்லாதவரை ‘அன்ஆதரைஸ்டு’ என்றுதான் காட்டும். எல்லாம் முடிந்து ஆப் ஏறியது. அடுத்த மாதம் அப்டேட் வந்தால்? மறுபடி கேபிள். போதாததற்கு, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறந்திருப்பதைப் பார்த்தாலே சில வங்கி ஆப்கள் உள்ளே விடாது. கணினியே இல்லாமல் போன் மட்டும் வைத்திருப்பவர்களை இந்த யோசனை கணக்கிலேயே எடுக்கவில்லை.

“பதிவுக் கட்டணம் 25 டாலர்தானே, கட்டிட்டுப் போகட்டும்.” பணம் இல்லை சார் பிரச்சினை. மாணவர்களுக்கும் பொழுதுபோக்காக எழுதுபவர்களுக்கும் கட்டணமில்லாத கணக்கு தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள், ஆனால் அதில் நிறுவக்கூடிய போன்களின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. உண்மையான சிக்கல் எஃப்-ட்ராய்டு (மூல நிரல் திறந்திருக்கும் ஆப்களுக்கான ஸ்டோர்) போன்ற இடங்களில் இருக்கிறது. அங்கே மூல நிரலை வாங்கி அவர்களே பில்டு செய்து (நிரலை ஆப்பாக மாற்றி), பெரும்பாலும் தங்கள் சாவியிலேயே கையொப்பமிடுகிறார்கள். ஆப்பை எழுதியவர் ஒருவர், கையொப்பமிட்டவர் இன்னொருவர். அப்படியானால் பேக்கேஜ் பெயரை யார் பதிவது? எழுதியவர்களைக் கட்டாயப்படுத்த எஃப்-ட்ராய்டால் முடியாது, அவர்கள் ஆப்பின் பெயரைத் தன் பெயரில் பதிந்துகொள்வதும் முறையாகாது. இது நடைமுறைக்கு வந்தால் தங்கள் திட்டம் இன்றைய வடிவில் நீடிக்காது என்று 2025 செப்டம்பரில் அவர்களே வெளிப்படையாக எழுதிவிட்டார்கள். விளம்பரம் இல்லாத, ஆளை வேவு பார்க்காத, காசு கேட்காத ஆப்களின் கிடங்கு அது. திருட்டுப் படமாம்.

ஸ்டோர் மட்டுமே வழி என்றானால் என்ன ஆகும் என்பதற்கு நெக்ஸ்ட்கிளவுட் விவகாரம் போதும். சொந்த சர்வரில் கோப்புகளைச் சேமிக்கிற ஆப். ‘ஆல் ஃபைல்ஸ் ஆக்சஸ்’ அனுமதியைக் கூகுள் மறுத்ததும், பிளே ஸ்டோர் பதிப்பில் படமும் வீடியோவும் தவிர வேறு எந்தக் கோப்பையும் ஏற்ற முடியவில்லை. எஃப்-ட்ராய்டில் இருந்த அதே ஆப் பழையபடி வேலை செய்தது. 2025 மே மாதம் அவர்கள் பகிரங்கமாகக் குரல் கொடுத்து, செய்தியான பிறகுதான் அனுமதி திரும்பியது. சத்தம் போடத் தெரிந்த கம்பெனி தப்பித்தது. சாதனங்களுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் சின்க்திங்கின் ஆண்ட்ராய்டு ஆப்பைப் பராமரித்தவர், பிளே ஸ்டோரில் வெளியிடுவதே பெரும்பாடாகிவிட்டது என்பதையும் ஒரு காரணமாகச் சொல்லி 2024இல் நிறுத்திக்கொண்டார். பிளே ஸ்டோரில் ஆப் வெளியிடப் புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்கினால் 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிக்க வைத்துக் காட்ட வேண்டும். 2024 டிசம்பர் வரை அது 20 பேர். நீங்களே ஒரு குட்டி ஆப் எழுதி 12 பேரைப் பிடித்துப் பாருங்கள், தெரியும்.

அரசியலைத் தொடவில்லை என்றால் கதை பாதிதான். 2021 செப்டம்பரில் ரஷ்யத் தேர்தல் தொடங்கிய நாளில், எதிர்க்கட்சித் தலைவர் நவால்னி தரப்பின் வாக்களிப்பு ஆப்பை ஆப்பிளும் கூகுளும் கடையிலிருந்து எடுத்தன, அரசின் அழுத்தம் அப்படி. கடையில் இல்லாவிட்டாலும் ஆண்ட்ராய்டில் ஏபிகேயைக் கைமாற்ற வழி இருந்தது. ஐபோனில் புதிதாக நிறுவ வழியில்லை. இனி அப்படி ஓர் ஆப்பை எழுதுகிறவர் தன் பெயரையும் முகவரியையும் முதலில் பதிந்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றால், எழுதுவாரா?

“பிடிக்கலன்னா வேற போன் வாங்கு.” எதை? இருப்பது இரண்டு கடை. ஐபோனில் இலவச டெவலப்பர் கணக்கில் நாமே ஏற்றுகிற ஆப் ஏழாவது நாள் செத்துவிடும், மறுபடி கையொப்பமிட வேண்டும். ஒரு நேரத்தில் மூன்றுக்கு மேல் கூடாது. வருடம் 99 டாலர் கட்டினால் கெடு நீளும். ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்ட பிறகு 2024 மார்ச்சில் ஐஓஎஸ் 17.4இல் வெளிக் கடைகளை விட்டார்கள். அதிலும் ஆப்பிள் பார்த்து முத்திரை குத்தினால்தான் ஆப் ஓடும். ஒன்றியத்தை விட்டு வெளியே போய் 30 நாள் தாண்டினால் அந்தக் கடையிலிருந்து அப்டேட் நின்றுவிடும். அதே போன், அதே ஆள். நிற்கிற மண் மாறினால் உரிமையும் மாறுகிறது.

பூட்லோடரை (போன் எந்த ஓஎஸ்ஸில் தொடங்கலாம் என்று காவல் காக்கும் பூட்டு) திறந்து வேறு ஓஎஸ் போட்டுக்கொள்ளலாமே என்று ஒரு மேதாவி சொன்னார். திறக்கும்போது போனிலுள்ள தரவு மொத்தமும் அழியும், அது நியாயமான பாதுகாப்பு, புகார் இல்லை. அதன் பிறகு, போன் நம்பகமானதா என்று ஆப்களுக்குக் கூகுள் சொல்லும் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் போன் தேறாது, அதை நம்பியிருக்கும் வங்கி ஆப் திறக்காது. மூன்று வருடம் பாதுகாப்பு அப்டேட்டே வராத பழைய போன் அந்தச் சோதனையின் சாதாரண நிலைகளில் தேறிவிடும். புத்தம்புது பேட்சோடு இருக்கும் மாற்று ஓஎஸ் தேறாது. இதற்குப் பெயர் பாதுகாப்பாம். சில கம்பெனிகள் திறக்கும் வசதியையே எடுத்துவிட்டன. கொடுத்த காசு முழுசு, கிடைத்த போன் அரைகுறை, இதில் கேள்வி கேட்டால் நான் திருடன்.

“அனுபவமுள்ளவங்களுக்குத் தனி வழி தர்றேன்னு சொல்லிட்டாங்களே?” ஆமாம், ஆபத்தை ஏற்று, பதியாதவர் எழுதிய ஆப்பையும் நிறுவிக்கொள்ள வழி தருவதாக 2025 நவம்பரில் சொன்னார்கள். ஆகஸ்ட் அறிவிப்பில் அது இல்லை. எதிர்ப்பு வந்தது, அதன் பிறகுதான் இந்த வழி வந்தது. இன்று தருகிறவர் நாளை எடுத்தால் யாரிடம் போய்க் கேட்பது?

இப்போதைக்கு நம் கையில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆப் நிறுவும் அனுமதியை பிரவுசருக்கும் மெசேஜ் ஆப்புக்கும் நிரந்தரமாகக் கொடுத்து வைக்காதீர்கள். ஒரே ஒரு ஸ்டோர் ஆப்புக்குக் கொடுங்கள், பிரவுசருக்குத் தந்தால் வேலை முடிந்ததும் அணையுங்கள். ஏபிகேயை எழுதியவரின் சொந்தப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். அங்கே எஸ்ஹெச்ஏ-256 கைரேகை (கோப்போ சாவியோ மாறவில்லை என்று சரிபார்க்க உதவும் நீளமான எண்) கொடுத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். வேறு இடத்திலிருந்து எடுத்த பதிப்பை ஏற்கெனவே உள்ளதன் மேல் போடும்போது, இருக்கும் பேக்கேஜோடு முரண்படுகிறது என்று சொல்லி நிறுவ மறுத்தால், கையொப்பச் சாவி வேறு என்று அர்த்தம். அவசரப்பட்டுப் பழையதை நீக்காதீர்கள், தரவும் சேர்ந்து போய்விடும். முதலில் ஆப்புக்குள்ளேயே தரவை எக்ஸ்போர்ட் எடுங்கள், பிறகு சாவி ஏன் மாறியது என்று தேடுங்கள். பிளே ஸ்டோர் பதிப்பும் எஃப்-ட்ராய்டு பதிப்பும் என்றால் மாறுவது சகஜம். 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோருக்கு வரும் புதிய ஆப்களின் கையொப்பச் சாவி கூகுளிடம்தான் இருக்கிறது, எழுதியவரிடம் இருப்பது ஆப்பை ஸ்டோருக்கு ஏற்றுவதற்கான அப்லோடு சாவி.

கமென்ட் பெட்டி திறந்தே இருக்கிறது. “திருட்டு” என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு மட்டும் பதில் கிடைக்காது.