கம்போடியத் தீர்ப்பாயத்தின் செலவும் வரவும்

கம்போடியத் தீர்ப்பாயத்தின் செலவைச் சுட்டி, முதியவர்களைக் கூண்டிலேற்றி என்ன பயன் எனக் கேட்ட கட்டுரையாளரின் கேள்வியை, இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடியமர்த்தப்பட்ட புனலூர் ரப்பர்த் தோட்டப் பகுதியில் வாழும் எங்களால் எளிதில் கடந்துவிட இயலவில்லை. 1975 முதல் 1979 வரை கம்போடியாவை ஆண்ட கெமர் ரூஜ் என்னும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் நடந்த கொலைகளுக்காக, ஐ.நா. துணையுடன் அமைந்த இத்தீர்ப்பாயம் 30 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டு மூவரை மட்டுமே தண்டித்தது உண்மைதான். கெமர் ரூஜின் தலைவர் போல் பாட் விசாரிக்கப்படாமல் 1998-லேயே இறந்துவிட்டார். (விசாரணை தாமதமானதில் வல்லரசுகளுக்கும் பங்குண்டு, ஆட்சி கவிழ்ந்த பின்னரும் கம்போடியாவின் ஐ.நா. இருக்கை கெமர் ரூஜிடமே இருந்தது.) ஆயினும், 2018-இல் கெமர் ரூஜின் மூத்த தலைவர்களான நுவோன் சியாவும் கியூ சாம்பானும் இனப்படுகொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்ட வழக்கில், ஏறத்தாழ 3,900 பாதிக்கப்பட்டோர் வெறும் சாட்சிகளாக அன்றி வழக்கின் தரப்பினராகவே ஏற்கப்பட்டனர் என்பதைக் கட்டுரை குறிப்பிடவே இல்லை. அதை விடுத்துச் செலவை மட்டும் எண்ணுவது நேர்மையான கணக்காகாது.