மார்ச் மாத நிசேகோவையும் எண்ணிப் பாருங்கள்

ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள நிசேகோ பனிச்சறுக்குத் தலத்துக்குப் பிப்ரவரிக்குப் பின் செல்வது வீண் என்று ஒரு கட்டுரையில் அதன் ஆசிரியர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. சைபீரியாவிலிருந்து வரும் குளிர்காற்று ஜப்பான் கடலின் ஈரத்தை அள்ளிவந்து மலையில் கொட்டுவதால் ஜனவரியில் அங்கே பனி ஓயாமல் பொழியும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நாள்களில் 1,898 மீட்டர் உயரமுள்ள யோத்தேய் எரிமலை பெரும்பாலும் மேகத்துக்குள் மறைந்துகிடக்கும், சிறு பிள்ளைகளுக்கோ அந்தக் குளிரைத் தாங்குவது கடினம். மார்ச்சில் பகல் நீள்கிறது, வானம் அடிக்கடி தெளிகிறது. கோலாலம்பூர் வெயிலிலேயே வளர்ந்த நம்மவர்கள் முதன்முறையாகச் சறுக்கப் பழகுவதற்கு அதுவே ஏற்ற பருவம். இரவில் உறைந்த பனி காலையில் கெட்டியாகவும் வழுக்கலாகவும் இருந்து, வெயில் ஏறியதும் மணிமணியாக இளகி, பிற்பகலில் சொதசொதவென்றாகிக் கால்களை இழுக்கும் என்பதால், புதியவர்கள் முற்பகலில் தொடங்கி மதியத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கண்ணாடியும் வெயில்காப்புக் களிம்பும் கட்டாயம் வேண்டும், ஏனெனில் புதுப்பனி புறஊதாக் கதிர்களில் ஏறக்குறைய 80 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பக்கூடியது. சறுக்க விரும்பாத பெரியவர்களுக்கு வெந்நீர் ஊற்றுக் குளியலும், பனிக்காலணி கட்டிக்கொண்டு காட்டுக்குள் நடப்பதும் உண்டு; பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதற்காக மட்டும் அவர்களை உடன் அழைத்துச் செல்லாதீர்கள்.