வாஷர் மோட்டாரை மாற்றும் முன்

"கார் முன்கண்ணாடியில தண்ணி அடிக்கலன்னா வாஷர் மோட்டார் போச்சு, மாத்திடுங்க" என்பது பாதிதான் சரி. சுவிட்சை இழுக்கும்போது 'உர்ர்' சத்தம் கேட்டால் மோட்டார் ஓடுகிறது. பெரும்பாலும் அடைப்பு தண்ணீர் பீச்சும் நாசிலில்தான். மண்டபம், பாம்பன் பக்கம் உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் நாசில் ஓட்டையில் வெள்ளையாகப் பூத்துவிடும். மெல்லிய ஊசியால் குத்தி எடுங்கள். (குடிதண்ணீர் ஊற்றக் கஞ்சத்தனம் பார்த்தால் இதுதான் கதி.)

சத்தமே இல்லையா? முதலில் ஃபியூஸ், அப்புறம் மோட்டாரில் வயர் செருகும் கனெக்டர். கடல்காற்றில் அதன் உலோகப் பின்கள் பச்சை பிடித்திருக்கும், சுரண்டிப் பாருங்கள். ஒருவர் சுவிட்சை இழுத்துப் பிடிக்க, கனெக்டரில் மல்டிமீட்டர் (வோல்ட் அளக்கும் கருவி) 12 வோல்ட் காட்டியும் மோட்டார் அசையாவிட்டால்தான் மாற்ற வேண்டும். வாஷர் தண்ணீர் டேங்கைக் காலி செய்து, மோட்டாரை லேசாகத் திருகி இழுங்கள். மோட்டார் டேங்கில் செருகும் இடத்து ரப்பர் புஷ்ஷும் புதிதாகப் போடுங்கள், பழையது கசியும். கிரீஸ் வேண்டாம், தண்ணீர் தொட்டுச் செருகினால் போதும்.