ரேடியோ எதற்கு என்று சிரித்தவர்களுக்கு

அந்த வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள், திரும்பப் போடவில்லை. இங்கே சிங்கப்பூரில், ஜப்பானியரிடம் ஊர் விழுந்ததை நினைவுகூரும் முழுமைத் தற்காப்பு நாளன்று மாலை 6.20க்குச் சங்கு ஊதுகிறார்கள், அந்தச் சத்தம் கேட்டால் வானொலியைப் போட்டுக் கேளுங்கள் என்கிறார்கள். அதற்கு நம் அறிவாளி ஒருவர் "ரேடியோவுக்கு மியூசியத்துக்கா போகணும்?" என்று எழுத, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மை.

சரி, சிரியுங்கள். ஆனால் போர் என்று வந்தால் ரேடியோ வேண்டும்.

"போன் இருக்கே" என்பீர்கள். கரண்ட் போனால் அந்தக் கோபுரங்கள் எத்தனை நேரம் தாங்கும்? எல்லோரும் ஒரே நேரத்தில் அழைத்தால் லைன் என்ன ஆகும் என்று புத்தாண்டு இரவில் மரினா பே பக்கம் நின்றவர்களைக் கேளுங்கள். வானொலிக்கு அந்தத் தொல்லை இல்லை, ஒருவர் கேட்டாலும் ஊரே கேட்டாலும் அதே அலைதான். 2022ல் ரஷ்யா உக்ரைனுக்குள் புகுந்ததும் பிபிசி அந்தப் பக்கத்துக்கு நாளுக்கு 4 மணி நேரம் சிற்றலையில், அதாவது வெகுதூரம் போகும் ஷார்ட்வேவில், செய்தி கொடுத்தது. லண்டன்காரர்களுக்கு ஸ்மார்ட்போன் தெரியாதா என்ன?

உக்ரைன் வரை எதற்கு, இந்தத் தீவிலேயே நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் இங்கே ஆண்ட காலத்தில் சிற்றலை கேட்கத் தடை. 1943 செப்டம்பரில் நேசப்படை வீரர்கள் திருட்டுத்தனமாக வந்து துறைமுகத்தில் கப்பல்களை வெடிக்க வைத்தார்கள். சாங்கி சிறையில் இருந்தவர்கள்தான் ரேடியோ வைத்துத் துப்புக் கொடுத்தார்கள் என்று சந்தேகப்பட்டு அக்டோபர் 10ல் ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பித்தாய் உள்ளே புகுந்தது. மொத்தம் 57 பேரைப் பிடித்தார்கள், 15 பேர் செத்துப்போனார்கள். கைதிகளுக்கு ரேடியோ உதிரிப் பாகங்கள் கிடைக்க உதவிய எலிசபெத் சோயைச் சுமார் 200 நாள் அடைத்து வைத்து வதைத்தார்கள். உதவாக்கரைப் பெட்டிக்கா இவ்வளவு வெறி?

ரேடியோ பொய்யும் சொல்லும், ருவாண்டாவைப் பாருங்கள் என்று ஒரு தம்பி இன்பாக்ஸில் வந்தார். உண்மைதான், 1994ல் அங்கே ஆட்களைக் கொல்லச் சொல்லியே ஒலிபரப்பினார்கள். அதனால்? வாட்ஸ்அப்பில் மட்டும் சத்தியவாக்கா வந்துகொண்டிருக்கிறது? அந்தப் பேச்சை இதோடு விடுகிறேன்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், என் பெரியம்மா யாழ்ப்பாணத்தில் இருந்தவர். தொண்ணூறுகளில் அங்கே கரண்ட் கிடையாது, பாட்டரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒரு பையன் கையால் பெடலைச் சுற்ற, டைனமோவில்தான் ரேடியோ ஓடும். இரவு பிபிசி தமிழோசை நேரத்துக்கு அக்கம்பக்கம் எல்லாம் அவர் முற்றத்தில். எங்கே ஷெல் விழுந்தது, எந்தப் பாதை திறந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பையனின் கையில் இருந்தது. அவன் களைத்தால் குரல் தேய்ந்துவிடுமாம், "சுத்தடா, சுத்தடா" என்று எல்லோரும் கத்துவார்களாம். அப்புறம் அவர் ஈசூனில் எங்களோடு வந்து இருந்தபோதும் தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ரேடியோ, அதில் சிங்கப்பூர்த் தமிழ் வானொலி ஒலி 96.8 ஓடிக்கொண்டே இருக்கும். விருந்துக்கு வந்த உறவுக்காரப் பிள்ளைகள் அதையும் இப்படித்தான் கிண்டலடித்தார்கள். அவர் ஒன்றும் பேசாமல் சத்தத்தைக் குறைத்துக்கொண்டார். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அரசாங்கத்துக்கு ஜால்ரா என்று எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், அதற்கெல்லாம் பழகிவிட்டது. பாட்டரி ரேடியோ வேண்டுபவர்கள் கேட்டால் கடையைச் சொல்கிறேன். பெரியம்மாவை இழுத்து யாராவது ஜோக்கடித்தால் மட்டும் பிளாக்.